இன்று வராத பிள்ளை எங்கே?



அவலூர்பேட்டையில் நாங்கள் நடத்தும் மக்தபின் பழைய வருகைப் பதிவேடுகள் அலமாரியின் கீழ்த்தட்டில் ஆண்டுவாரியாகக் கட்டி வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் 2021ஆம் ஆண்டுப் பதிவேட்டை மட்டும் அவ்வப்போது எடுத்துப் பார்ப்பதுண்டு. அதில் நவம்பர் மாதப் பக்கத்தில், பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் பெயருக்கு நேரே, வரவில்லை என்ற குறி தொடர்ந்து பதினேழு நாள்களுக்கு இடப்பட்டிருக்கிறது. அந்தப் பதினேழு குறிகளையும் இட்டவை எங்கள் கைகளே. அவன் ஏன் வரவில்லை என்று அந்தப் பதினேழு நாள்களில் ஒரு நாளும் நாங்கள் எவரிடமும் கேட்கவில்லை.

சமாதானம் சொல்லக் காரணங்கள் இருந்தன. அந்த நவம்பரில் விழுப்புரம் மாவட்டம் முழுவதும் கனமழை பெய்தது. ஏரிகள் நிரம்பின, தெருக்களில் தண்ணீர் நின்றது. ஃபஜ்ருக்குப் பின் நடக்கும் வகுப்புக்குப் பாதிப் பிள்ளைகளே வந்தார்கள். கொரோனா முடக்கத்திற்குப் பின் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் நவம்பர் 1ஆம் தேதிதான் திறக்கப்பட்டிருந்தன. மழை விட்டால் வந்துவிடுவான் என்று நாங்கள் எண்ணினோம். குடும்பத்தோடு வெளியூர் போயிருப்பான் என்று பள்ளியில் எண்ணினார்கள். பள்ளியில் விசாரித்திருப்பார்கள் என்று நாங்களும், மக்தபில் அறிந்திருப்பார்கள் என்று அவர்களும் இருந்துவிட்டோம். இரண்டு பதிவேடுகளில் பெயர் இருந்த ஒரு பிள்ளையை எவரும் தேடவில்லை.

தேடி வந்தவர் ஒரு இளம்பெண். நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர் அல்லர். அந்த ஆண்டு அக்டோபர் 27 அன்று, நம் மாவட்டத்தில் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில், இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அதில் தன்னார்வலராகச் சேர்ந்து, மாலை வேளையில் தம் வீட்டுத் திண்ணையில் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கியிருந்தார் அவர். டிசம்பர் முதல் வாரத்தில் ஒருநாள் பள்ளிவாசல் வாயிலில் நின்று, "ஹஜ்ரத், எங்க தெருப் பையன் ஒருத்தன் ஒரு நாள்கூட வகுப்புக்கு வரல. மதரஸாவுக்காவது வர்றானா?" என்று கேட்டார். எங்களிடம் விடை இல்லை. பக்கத்தில் நின்ற மாணவன் சாதாரணமாகச் சொன்னான்: "அவன் வேலைக்குப் போயிட்டான் ஹஜ்ரத். பேக்கரிக்கு."

பிள்ளைகள் அனைவரும் அறிந்திருந்தார்கள். பெரியவர்களாகிய நாங்கள் அவர்களைக் கேட்கவே இல்லை.

பேசி முடிப்போம் என்றபோது நடந்தது

சிறுவனின் தந்தை 2019இல் இறந்துவிட்டார். தாய் களையெடுக்கவும் நிலக்கடலை பறிக்கவும் கூலிக்குச் செல்பவர். மழையால் அந்த வேலையும் நின்றுபோன நாள்களில், தரகர் ஒருவர் பதினைந்தாயிரம் ரூபாயை முன்பணமாகத் தந்து, அண்டை மாநில நகரம் ஒன்றிலுள்ள பேக்கரிக்குச் சிறுவனை அழைத்துச் சென்றிருந்தார். "சாப்பாடு கிடைக்கும், தொழிலும் கத்துக்குவான்னு சொன்னாங்க" என்று அந்தத் தாய் எங்களிடம் அழுதார். அவரைக் குற்றம் சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. எங்கள் பைத்துல்மாலில் அப்போதும் பணம் இருந்தது. அவர் கேட்கவில்லை என்பதால் நாங்கள் கொடுக்கவில்லை. நாங்கள் விசாரிக்கவில்லை என்பதால் அவர் கேட்கவில்லை.

அன்றிரவு இஷாவுக்குப் பின் ஜமாஅத்தினர் கூடினோம். 1098 என்ற எண்ணுக்குத் தகவல் சொல்லலாம் என்றார் ஓர் இளைஞர். பெரியவர்கள் மறுத்தார்கள். காவல் நிலையம், வழக்கு என்று போனால் தாயின் மீதும் பழி வரும், மஹல்லாவின் பெயரும் கெடும், தரகரும் தெரிந்தவர்தானே, பேசி முடிப்போம் என்றார்கள். நாங்களும் அதையே ஆமோதித்தோம். பைத்துல்மாலிலிருந்து முன்பணத்தைத் திருப்பிக் கொடுப்பதென்று முடிவாயிற்று. மறுநாள் காலை தரகருக்குத் தொலைபேசியில் செய்தி சொல்லப்பட்டது.

அந்தத் தொலைபேசி அழைப்புதான் நாங்கள் செய்த பெரிய பிழை. செய்தி எட்டியதும் சிறுவனை அந்தக் கடையிலிருந்து வேறிடத்திற்கு மாற்றிவிட்டார்கள். தரகரின் எண் அணைத்து வைக்கப்பட்டது. மூன்று நாள்கள் காத்திருந்தபின், எங்களைக் கேட்காமலேயே 1098க்கு அழைத்தவர் அந்தத் தன்னார்வலச் சகோதரிதான். அதன் பிறகும் பிள்ளையைக் கண்டுபிடிக்க ஒரு வாரத்திற்கு மேல் ஆயிற்று. அந்நகரின் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டு, அங்கிருந்து விழுப்புரம் குழுவின் வழியாக அவன் தாயிடம் வந்து சேர்ந்தான். வலது முன்கையில் அடுப்புச் சூட்டின் தழும்பு இருந்தது. அது எப்போது ஏற்பட்டது என்று பல மாதங்கள் கழித்துத்தான் சொன்னான்: நாங்கள் காத்திருந்த அந்த நாள்களில்.

எங்களுக்கு அப்போது தெரியாத இரண்டு செய்திகளைப் பின்னர் அறிந்தோம். பதினான்கு வயது நிறையாத பிள்ளையைக் கடை வேலையில் வைப்பது 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி குற்றம். பள்ளி நேரம் போகத் தன் குடும்பத்துக்கு உதவுவது போன்ற மிகச் சில விலக்குகளே அதில் உண்டு. அடுத்து, முன்பணத்திற்கு ஈடாக ஒருவரை வேலையில் பிடித்து வைப்பதைத் தடுக்கும் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976 முதல் நடப்பில் உள்ளது. அத்தகைய கடன் சட்டத்தின் முன் செல்லாது. அதைத் திருப்பித் தரவேண்டிய கடமை எவருக்கும் இல்லை. யதீமின் பெயரால் திரட்டிய பணத்தை, அந்த யதீமை விலைக்கு வாங்கியவரிடம் கொடுக்க நாங்கள் ஆயத்தமாக இருந்தோம்.

ஒரு பிள்ளைக்காக எறியப்பட்ட எழுதுகோல்கள்

மர்யம் (அலை) அவர்களின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குப் பலமுறை கற்பித்திருக்கிறோம். அவரை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்பதில் ஊரின் அறிஞர்கள் தமக்குள் போட்டியிட்டு, எழுதுகோல்களை எறிந்து முடிவு கண்டதை ஆலு இம்ரான் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. தந்தையை இழந்த பிள்ளை ஒன்றின் சுமை தம்மீது விழாதா என்று முந்திக்கொண்ட சமூகம் அது. அந்தப் பொறுப்பைப் பெற்ற ஸகரிய்யா (அலை) பிள்ளையின் அறைக்குச் சென்றபோதெல்லாம் அவரிடம் இருந்த உணவைக் கண்டு, இது எங்கிருந்து வந்தது என்று வினவினார்கள். பொறுப்பாளர் நேரில் சென்றார், பார்த்தார், கேட்டார். அந்தப் பாடத்தை நடத்திய நாங்கள் இரண்டு தெரு தள்ளியிருந்த வீட்டிற்குச் செல்லவில்லை.

கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி வரலாற்று நூல்கள் கூறும் நிகழ்ச்சியும் நாம் அறிந்ததே. மதீனாவுக்கு வந்து தங்கிய வணிகக் கூட்டத்தை அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுடன் இரவில் காவல் காத்தபோது, ஒரு குழந்தை விடாமல் அழுவதைக் கேட்டு, அதன் தாயிடம் மீண்டும் மீண்டும் சென்று விசாரித்தார்கள். பால் மறந்த குழந்தைகளுக்கு மட்டுமே அரசு உதவித்தொகை தருவதால் முன்கூட்டியே பால் மறக்கச் செய்வதாக அவள் சொன்னாள். தம் சட்டமே குழந்தைகளை வதைக்கிறது என்றறிந்த கலீஃபா, அன்றைய ஃபஜ்ருத் தொழுகையில் ஓதுவது பிறருக்கு விளங்காத அளவுக்கு அழுதார்கள். பிறந்த நாள் முதலே ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை உண்டு என்று அறிவித்தார்கள். அழுகுரல் கேட்ட இடத்திற்கு நடந்து சென்றதும், தவறு தம்முடையது என்று தெரிந்ததும் உடனே விதியை மாற்றியதும் நமக்கு முன்மாதிரி.

ஊர் காக்கும், ஊரே மறைக்கவும் செய்யும்

ஐக்கிய நாடுகள் சபை குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை 1989 நவம்பர் 20 அன்று ஏற்றது. இந்தியா 1992 டிசம்பரில் அதில் இணைந்தது. ஆனால் வறிய நாடுகளில் எல்லாக் கிராமங்களுக்கும் சமூகநல அலுவலர் ஒருவரை அனுப்ப அரசுகளால் இயல்வதில்லை. ஒரு பிள்ளை பசித்திருப்பதையும், படிப்பை நிறுத்தியதையும், அடிபட்டு வருவதையும் முதலில் காண்பவர்கள் அண்டை வீட்டாரே. ஆகவே அந்நாடுகள் பலவற்றில் ஊர் தோறும் குழந்தைகள் பாதுகாப்புக் குழுக்கள் அமைக்கப்பட்டன.

இத்தகைய முயற்சிகளைப் பற்றிப் பல நாடுகளிலிருந்து திரட்டப்பட்ட ஆய்வுகளை அமெரிக்க உளவியல் அறிஞர் மைக் வெஸ்ஸல்ஸ் 2009இல் தொகுத்து மதிப்பிட்டார். எந்தக் குழுவை ஊர் மக்கள் தமதெனக் கருதினார்களோ அது நிலைத்தது. வெளியார் வந்து அமைத்துப் பணமும் கொடுத்த குழு, பணம் நின்றதும் தளர்ந்தது என்பதே அவர் கண்டவற்றுள் முதன்மையானது. பின்னர் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் சியரா லியோன் நாட்டில், மொயாம்பா, பொம்பாலி மாவட்டங்களின் சில கிராமங்களில், எதைச் சீர்செய்வது என்ற முடிவே மக்களிடம் விடப்பட்டது. அவர்கள் நீண்ட நாள்கள் கூடிப் பேசிப் பதின்வயதுச் சிறுமியர் கருவுறுவதைத் தடுப்பதைத் தேர்ந்தெடுத்தார்கள். பெற்றோரும் பிள்ளைகளும் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தொடங்கினர். சிறார்களே நாடகம் நடத்தினர். சுகாதார நிலையத்தோடு தொடர்பு ஏற்படுத்திக் கொண்டனர்.

நம் நாட்டிலும் 2009 முதல் ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழும், இப்போது மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழும், கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுக்கு இடமுண்டு. ஊராட்சித் தலைவர் அதன் தலைவர். பள்ளி ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், கிராம செவிலியர் ஆகியோருடன் குழந்தைகளின் பிரதிநிதிகள் இருவரும் அதில் இருக்கவேண்டும். இந்தப் பிரதிநிதிகளைப் பெயருக்கு வைப்பதாக எண்ணலாகாது. எங்கள் சிறுவன் எங்கே என்று அறிந்திருந்தவர்கள் பிள்ளைகள் மட்டுமே அல்லவா?

எனினும் ஊர் என்றாலே காவல் என்று மயங்கிவிடக் கூடாது. பேசி முடிப்போம் என்று கூடியதும் ஊர்தான். தரகரைத் தெரிந்தவர் என்று சொன்னதும் ஊர்தான். ஊரின் பெயரைக் காக்கப் பிள்ளையைக் கைவிடும் ஆபத்து ஒவ்வொரு சமூகத்துக்குள்ளும் உண்டு. ஊர் கண்ணாக இருக்கட்டும். குற்றம் என்று தெரிந்தால் தீர்ப்பு மட்டும் அதன் கையில் வேண்டாம்.

நம் வாசலிலிருந்து தொடங்குவோம்

பிறரைச் சொல்லுமுன் எங்களைச் சொல்லவேண்டும். கற்பிப்பவர் மீதான மரியாதை பிள்ளையின் வாயை அடைக்கும் பூட்டாகவும் மாறக்கூடும். பிரம்பு எங்கள் மக்தபில் இப்போது இல்லை. எந்த ஆசிரியரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனித்திருப்பதில்லை. வகுப்பு நடக்கும்போது கதவு திறந்தே இருக்கும். பெற்றோர் எந்த நேரத்திலும் உள்ளே வரலாம். இவற்றை எங்கள் மீதான ஐயமாகக் கருதி முதலில் வருந்தினோம். அமானிதத்தைச் சுமப்பவன் கணக்குக் காட்டக் கூசுவானேன் என்று பின்னர் தெளிந்தோம்.

பாலியல் தீங்கு நேர்ந்தால் என்ன செய்வது என்பதை ஒவ்வொரு பள்ளிவாசல் நிர்வாகியும் அறிந்திருக்கவேண்டும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அத்தகைய குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும், மறைப்பது தண்டனைக்குரியது. தம்கீழ் உள்ளவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் தெரிவிக்கத் தவறினால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. மானம் போய்விடுமே என்று அஞ்சும் பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் அரணும் இருக்கிறது. பிள்ளையின் பெயரையோ அடையாளத்தையோ செய்தி ஊடகங்கள் வெளியிடலாகாது. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலேயே பெறலாம்; பெறும் காவல் அலுவலர் இயன்றவரை பெண்ணாக இருக்கவேண்டும், சீருடையில் இருக்கக் கூடாது. எந்தப் பிள்ளையையும் இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. இவற்றை ஒரு ஜும்ஆ பயானில் எடுத்துச் சொன்ன பின்னரே எங்கள் மஹல்லாவில் அச்சம் சற்றுக் குறைந்தது.

நிகாஹ் விஷயத்தில் ஜமாஅத்தின் கையில் பெரும் அதிகாரம் இருக்கிறது. ஜமாஅத் கடிதமும் பதிவேடும் இன்றி நம் ஊர்களில் பெரும்பாலும் நிகாஹ் நடப்பதில்லை. மணமகளுக்குப் பதினெட்டும் மணமகனுக்கு இருபத்தொன்றும் நிறைந்ததற்கான சான்றைப் பார்க்காமல் அந்தப் பதிவேட்டைத் திறப்பதில்லை என்று எங்கள் ஜமாஅத் முடிவு செய்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், நடத்தி வைப்பவருக்கும் இரண்டாண்டு வரை கடுங்காவலும் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. தண்டனைக்கு அஞ்சி மட்டும் இதைச் சொல்லவில்லை. யதீம்கள் மணப் பருவத்தை அடைந்தாலும், அவர்களிடம் பகுத்தறியும் முதிர்ச்சியைக் கண்ட பின்னரே அவர்களின் பொருளை ஒப்படைக்கும்படி நிஸா அத்தியாயம் கட்டளையிடுகிறது. பொருளுக்கே முதிர்ச்சி வேண்டுமென்றால், வாழ்க்கையை ஒப்படைக்க அது வேண்டாமா? பத்தாம் வகுப்பு முடித்த மகளுக்கு நல்ல வரன் வந்திருக்கிறது என்று எங்களிடம் வந்து கோபத்தோடு திரும்பியவர்களும் உண்டு. அவர்களுள் ஒருவரின் மகள் இப்போது செவிலியர் படிப்பில் இருக்கிறாள்.

இப்போது நாங்கள் செய்வது

பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை. மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டிற்கு நான்காம் நாள் ஒருவர் செல்கிறார். வகுப்பின் தொடக்கத்தில் பெயர் வாசித்தபின், இன்று வராத பிள்ளை எங்கே என்று பிள்ளைகளிடமே கேட்கிறோம். மாதம் ஒருமுறை பள்ளித் தலைமையாசிரியரைக் கண்டு இரண்டு பதிவேடுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். மஹல்லாவின் பெண்கள் நால்வர் வீடுகளுக்குச் சென்று வருகிறார்கள். ஆண்களிடம் சொல்லப்படாத செய்திகள் அவர்களிடமே வந்து சேர்கின்றன. 1098 என்ற எண் உளூச் செய்யும் இடத்துச் சுவரில் எழுதப்பட்டிருக்கிறது. 1996இல் மும்பையில் தொடங்கிய அந்தச் சேவை இரவு பகலாகக் கட்டணமின்றி இயங்குகிறது. கிராம சபை கூடும் நாள்களில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு கூடியதா என்று எழுந்து கேட்கிறோம்.

பைத்துல்மாலின் வழக்கத்தையும் மாற்றினோம். தந்தையை இழந்த பிள்ளைகளின் பட்டியலை நாங்களே எழுதி வைத்து, கேட்குமுன் கொடுக்கிறோம். மிஷன் வாத்சல்யா திட்டத்தில், தந்தையை இழந்து தாயின் உழைப்பில் வளரும் பிள்ளைகள் போன்றோருக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு வழங்கும் பிரிவு உண்டு. கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகாதிருக்கவேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாத தாய்மார்களுக்கு எங்கள் இளைஞர்கள் உதவுகிறார்கள். ஒரு பிள்ளையை வேலைக்குப் போகவிட்டுப் பின்னர் மீட்பதைவிட, அந்தத் தாயின் கையில் மாதந்தோறும் நான்காயிரம் சேர்ப்பது எளிது.

அந்தச் சிறுவனுக்கு இப்போது பதினாறு வயது. தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணியாளர் பிரிவில் படிக்கிறான். விடுமுறை நாள்களில் மக்தபுக்கு வந்து சிறு பிள்ளைகளுக்கு அலிஃப், பா சொல்லிக் கொடுக்கிறான். ஒருமுறை பழைய பதிவேட்டை நாங்கள் புரட்டுவதைக் கண்டு, "அங்கே இருந்தப்ப ஹஜ்ரத் தேடி வருவீங்கன்னு நினைச்சேன்" என்றான். குறையாகச் சொல்லவில்லை, நினைவாகத்தான் சொன்னான். எங்களால் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இதைப் படிக்கும் சகோதரர்களே, சகோதரிகளே! உங்கள் மஹல்லாவிலும் ஒரு பதிவேடு இருக்கும். இன்று மாலை அதை எடுத்துப் பாருங்கள். தொடர்ந்து வராத பெயர் ஒன்று இருந்தால், அந்த வீட்டின் கதவைத் தட்டுங்கள்.

ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படும் அந்நாளில், நம் பிள்ளைகள் நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும் நிலையிலிருந்து வல்ல அல்லாஹ் நம்மைக் காப்பானாக. அவர்களுக்காக எழுந்து நடக்கும் கால்களையும், கேட்கும் செவிகளையும் நமக்கு அருள்வானாக. ஆமீன்.